யாரும் தொடாத டேப்லட்

பேட்டரி உப்பிப்போய் டேப்லட்டின் கண்ணாடியை ஒரு மூலையில் தூக்கிவிட்டிருந்தது. ஜெயப்பிரியா அதை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள். இன்னும் ஒரு வாரம் சார்ஜில் போட்டு வைத்திருந்தால் வீட்டைக் கொளுத்தியிருக்கும்.

"அக்கா, இது எட்டு வருசத்துப் பொருளுங்க. இதுக்குப் போய் எதுக்கு வீண் செலவு? இப்ப வர்ற போனே இதுல முக்காவாசி அகலம் இருக்குது."

"இல்லீங்க அம்மிணி. எனக்கு இதுதான் வேணும்."

வந்தவள் பெயர் கமலவேணி. நாற்பது வயதிருக்கும். ஜெயப்பிரியா எதைக் கேட்டாலும் தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள். வலது பக்கம் காது கேட்கவில்லை என்பது புரிந்ததும் ஜெயப்பிரியாவே குரலை உயர்த்திப் பேசினாள்.

ராசிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் பதினோரு வருடமாக அவள் போன் ரிப்பேர் கடை நடத்துகிறாள். டேப்லட் என்று ஒன்றைக் கையில் எடுத்தே நான்கு மாதமாகியிருந்தது. கொரோனா சமயத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வரும். பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. உடைந்த கண்ணாடி, கழன்ற சார்ஜர் முனை என்று வேலைக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் திறந்தார்கள், எல்லாம் பீரோவுக்குள் போனது. படம் பார்க்க டிவியிலேயே எல்லாம் வந்துவிட்டது, மற்றதுக்குப் போன். போனாவது சட்டைப் பையிலிருந்து விழும், கிணற்று மேட்டில் விழும், பஸ்ஸில் தொலையும், அதனால் புதிதாக வாங்கித்தான் ஆகவேண்டும். டேப்லட் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. உடைவதும் இல்லை, யாரும் மாற்றுவதும் இல்லை. ஒரு மூலையில் கிடக்கும்.

"வியாழக்கெழம நானே வாரேன். போன் மட்டும் பண்ணீராதீங்க அம்மிணி," என்றாள் கமலவேணி. அதை இரண்டு தடவை சொன்னாள்.

"சரிங்க அக்கா," என்று சொல்லிக்கொண்டே ஜெயப்பிரியா அவள் நம்பரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். எல்லோருக்கும் செய்வதுதான்.

புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. புது பேட்டரி ஏறியதும் டேப்லட் ஏழெட்டு நிமிடம் யோசித்துவிட்டு உயிர் பெற்றது. ஸ்பீக்கர் பார்த்தாள், வைஃபை பார்த்தாள். கேமராவைச் சோதிக்கத் திறந்தபோது, கடைசியாக எடுத்த வீடியோ ஓரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அது ஓடுகிறதா என்று பார்க்கத்தான் தொட்டாள்.

ஒரு சமையலறை. டேப்லட்டை எங்கோ உயரத்தில், பாத்திரங்களுக்கு நடுவே சாய்த்து வைத்திருக்க வேண்டும். கமலவேணி அடுப்புக்கு முன்னால் நின்றாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரிட்ஜின் மேல் வைத்தான். சட்டைக் கையை முழங்கை வரை நிதானமாக மடித்துவிட்டான். பிறகு குக்கர் மூடியை எடுத்து அவள் காதோடு சேர்த்து அறைந்தான். அவள் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தான். மூன்றாவது அடிக்கு அவள் சத்தமே வரவில்லை, மூடியின் சத்தம் மட்டும்தான். வயிற்றில் மிதித்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை; கரும்பு வெட்டுகிறவனின் முகம் மாதிரி இருந்தது. முடிந்ததும் குழாயில் கை கழுவினான், கடிகாரத்தைக் கட்டினான்.

"எந்திரிச்சுச் சோத்தப் போடு," என்றான்.

ஜெயப்பிரியா டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தாள். அதற்கு முந்தைய வீடியோக்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்திருந்தாள். ஒன்றையும் திறக்கவில்லை. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வெளியே போய்விட வேண்டும் போலிருந்தது. டேப்லட்டை மேசை இழுப்பறையில் வைத்தாள். கம்ப்யூட்டரில் அந்த ரசீதுக்கு நேராக 'வேலை முடிந்தது' என்ற கட்டத்தைப் பழக்கத்தில் தட்டினாள். தட்டினால் வாடிக்கையாளருக்குத் தானாக மெசேஜ் போகும். அது அப்போது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணி வெயிலில் அவன் வந்தான். வெள்ளைச் சட்டை. ஜெயப்பிரியாவுக்கு முதலில் தெரிந்தது அந்தக் கடிகாரம்தான்.

"ஏனுங்க அம்மிணி, நான் ஜீவானந்தம். பட்டு யாவாரம். எங்கூட்டுல ஒரு டேப்லட்டு குடுத்தாங்களாம், ரெடினு மெசேஜ் வந்துச்சு. வாங்கீட்டுப் போலாம்னு வந்தனுங்க."

கமலவேணியின் போனைத் திருப்பிக் காட்டினான். தன் கடையின் பெயர் போட்ட மெசேஜை ஜெயப்பிரியா பார்த்தாள். திரையின் ஓரத்தில் பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று நினைத்தாள்.

"குடுத்தவங்க கையிலதானுங்க குடுப்பேன். அக்காவ வரச் சொல்லுங்க."

"அவளுக்கு ஒடம்புக்கு முடியலீங்க."

"பரவாயில்லீங்க. முடிஞ்சப்ப வரட்டும்."

அவன் சிரித்தான். "அதுல என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியும். அப்படித்தான?" என்று மெதுவாகக் கேட்டான். மரியாதை போய்விட்டது. அவள் ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்ததே பதிலாகிவிட்டது.

அவன் திரும்பிக் கையை உயர்த்தி ஷட்டரை இழுத்து இறக்கினான். கடைக்குள் மேசை விளக்கின் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தான்.

ஜெயப்பிரியா கத்த வாயைத் திறப்பதற்குள் அவள் பின்னலைப் பிடித்து முகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் மோதினான். முதல் மோதலில் மூக்கு உடைந்தது. அடுத்ததில் கண்ணாடி உடைந்தது. புது போன் உறைகள் மேல் ரத்தம் சொட்டியது. வலது கையை ஊன்றி எழப் பார்த்தாள். இரும்பு ஸ்டூலைத் தூக்கி அந்தக் கையின் மேல் இறக்கினான். எலும்பு நொறுங்கியது காதில் கேட்டது. மறுபடியும் அதே கை. விரல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மடங்கிக் கிடந்ததை அவள் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எங்க வெச்சிருக்கற?"

"தர மாட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்றார்கள். அவளுக்கே தெரியவில்லை. என் மெசேஜால் ஒருத்தி எங்கோ ரத்தம் சிந்திக் கிடக்கிறாள், இதையும் தூக்கிக் கொடுத்தால் நான் மனுஷியே இல்லை. அந்த நேரத்தில் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

அவன் அவள் கழுத்தில் கை வைத்துச் சுவரோடு அழுத்தினான். கண் இருட்டியது. அவளுடைய இடது கை மேசையில் துழாவியது. காலையிலிருந்து சூடாகவே இருந்த, ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கம்பி கைக்குத் தட்டுப்பட்டது. அதை எடுத்து அவன் கன்னத்தில் வைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். சதை பொசுங்கும் நாற்றம் வந்தது. அவன் மாடு போல அலறினான். அவள் எடுக்கவில்லை. அவன்தான் பின்னால் போய் விழுந்தான்.

விழும்போது மேசையைப் பிடித்து இழுத்ததில் இழுப்பறை கவிழ்ந்து டேப்லட் வெளியே வந்தது. அவன் அவளை விட்டுவிட்டான். ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கீழே கிடந்த பெரிய திருப்புளியை எடுத்துக் குத்தினான். கண்ணாடி சில்லுச் சில்லாகத் தெறித்தது. அவளை எப்படி அடித்தானோ அப்படியே அதையும் அடித்தான், நிறுத்தாமல்.

"பேட்டரியக் குத்தாத!" என்று அவள் கத்தினாள். அவனைக் காப்பாற்ற அல்ல. தொழில் வாயில் வந்துவிட்டது.

அதற்குள் குத்திவிட்டான். சீறல் கேட்டது. வெள்ளைப் புகை, அதன் பின்னால் தீ. அவன் கையையும் சட்டையின் முன்பக்கத்தையும் ஒரே வீச்சில் பிடித்தது. அவன் கையை உதறிக்கொண்டு கடைக்குள் சுற்றிச் சுற்றி ஓடினான். புகை தொண்டையை அறுத்தது. ஜெயப்பிரியா தரையோடு தவழ்ந்து போய்க் காலால் ஷட்டரை உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து டீக்கடைத் தங்கசாமிதான் ஷட்டரைத் தூக்கினார். ஸ்டூல் சத்தம் கேட்டதும் ஆட்களைக் கூப்பிட ஓடியவர் அப்போதுதான் அவர்களோடு வந்து சேர்ந்திருந்தார். அவளை இழுத்து வெளியே போட்டார்கள். அவனும் இருமிக்கொண்டு வெளியே வந்தான். வந்தவன் நேராக அவள் மேல் பாய்ந்து, எல்லோர் கண்முன்னாலும் அவள் விலாவில் உதைத்தான். அப்புறம் தெரு சும்மா இருக்கவில்லை. பாய்லர் கம்பியும் செருப்பும் பேசின. போலீஸ் வந்தபோது அவனைப் பிடித்து வைத்தவர்களிடமிருந்து அவனைக் காப்பாற்ற வேண்டியதாயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் கண்ணு, கை தொங்குது பாரு," என்றார் தங்கசாமி.

"மொதல்ல அந்தாளு ஊட்டுக்குப் போங்கண்ணா," என்றாள் ஜெயப்பிரியா. வாயெல்லாம் ரத்தம், இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் புரிந்தது. "அந்த அக்கா போன்ல ரத்தம் இருந்துச்சு. ஓடுங்க!"

பட்டு வியாபாரி வீடு என்றதும் கூட்டத்தில் ஒருவர் வழி காட்டினார். வீடு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தங்கசாமியும் ஒரு போலீஸ்காரரும் உள்ளே போனார்கள். கமலவேணி சமையலறையில், பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தாள். தலை பிளந்து ரத்தம் பாத்திரம் கழுவும் இடம் வரை ஓடிக் காய்ந்திருந்தது. இடது தோள் மூட்டு இறங்கியிருந்தது. உயிர் இருந்தது. மகள் ஷாலினி பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பினாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கமலவேணி கண் விழித்ததும் கேட்டது ஒன்றைத்தான்.

"அம்மிணி, டேப்லட்டு?"

"எரிஞ்சு போச்சுங்க அக்கா. எல்லாமே." ஜெயப்பிரியாவுக்கு அழுகை வந்தது. "மெசேஜ அனுப்புனதும் நான்தானுங்க. நீங்க ரெண்டு வாட்டி சொன்னீங்க."

கமலவேணி விட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"எம் போன தெனமும் நோண்டுவாரு. பீரோச் சாவி அவருகிட்டத்தான். ஆனா அந்த டேப்லட்ட ஊட்ல ஒருத்தரும் தொட மாட்டாங்க. பாப்பாவுக்குப் போனு வந்தப்பறம் அது சும்மா கெடந்துச்சு. அதான் அதுல புடிச்சு வெச்சேன். புதுசு வாங்குனா எதுக்குனு கேப்பாங்க. பழசு கெடந்தா யாரு கேக்கறாங்க? அதான் பேட்டரி போனதும் உங்ககிட்டக் கொண்டாந்தேன்."

அவள் ஜெயப்பிரியாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். மெசேஜ் அனுப்பியதை மன்னித்தாளா இல்லையா என்பது ஜெயப்பிரியாவுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ராத்திரி ஆவதற்குள் கமலவேணியின் அண்ணன் கந்தவேல் வந்தார். தங்கை இதுவரை மூன்று முறை வீட்டுக்கு ஓடி வந்தபோதும் அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்.

"கடைக்காரம்மாவ அடிச்சது பெரிய தப்புதான். அதுக்கு கேசு நடக்கட்டும்," என்றார். "நீ எதும் பேசாத வேணி. நம்முளுது குடும்ப விசயம்."

கமலவேணி இடது காதைத் திருப்பி முழுவதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏனுங்கண்ணா, பதினாறு வருசமா அடிச்சது குடும்ப விசயம். ஒரே ஒரு நாளு அவங்கள அடிச்சது கேசு. அப்ப நானும் கடை வெச்சிருக்கோணும் போலிருக்குது."

கந்தவேல் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை பெண் ஆய்வாளர் ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். ஜெயப்பிரியாவுடையது இருபது நிமிடத்தில் முடிந்தது. சாட்சிக்குத் தெருவே இருந்தது. அவர் எழுந்தபோது கமலவேணி கூப்பிட்டாள்.

"என்னதையும் எழுதுங்க மேடம்."

"வீடியோ எதும் மிஞ்சலையேம்மா?"

"அது மத்தவங்களுக்காகப் புடிச்சதுங்க. எனக்கு எதுக்கு வீடியோ?"

சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான நாற்பதாம் நாள், உப்புக் குறைந்ததற்கு. ஷாலினி வயிற்றில் இருந்தபோது, ஆடி பதினெட்டு அன்று, மாடிப்படியில். எந்தக் கையால், எதனால், எத்தனை தடவை, அப்போது அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்தது என்பது வரை சொன்னாள். அழவில்லை. ஆய்வாளர் பேனாவை இரண்டு முறை மாற்றினார். தாள் தீர்ந்து, செவிலியரிடம் கேட்டு வாங்கி எழுதினார். வாசலில் நின்ற கந்தவேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவன் பல மாதம் உள்ளே இருந்தான். இரண்டு வழக்கும் நடக்கிறது. சமாதானம் பேச ஜெயப்பிரியாவிடம் அவன் சொந்தக்காரர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்றாவது முறை தங்கசாமி அவர்கள் மேல் கொதிக்கிற டிகாக்‌ஷனை ஊற்றப் போனார். அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் இனி மடங்காது. மயிரிழை வேலையெல்லாம் இப்போது இடது கையால் பழகிக்கொண்டிருக்கிறாள். பாதிக்கு மேல் கெட்டுப்போகிறது. கமலவேணி தன் அம்மா வீட்டுக்குப் போகாமல் மகளோடு தனியாக வாடகைக்கு இருக்கிறாள்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குக் காலையில் கமலவேணி கடைசியாகக் குக்கர் மூடிக்கு வந்தாள். பங்குனி மாசம், செவ்வாய்க்கிழமை, முதல் அடியிலேயே காதுக்குள் ஏதோ கிழிந்தது என்றாள். மூன்றாவது அடிக்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை என்று நிறுத்தினாள்.

"அதுக்கு அப்புறம் வயித்துல மெதிச்சான்," என்றாள் ஜெயப்பிரியா பக்கத்துக் கட்டிலிலிருந்து. உடைந்த மூக்கோடு குரல் கரகரத்தது. "மெதிச்சுட்டுக் கை கழுவீட்டு, சோறு போடச் சொன்னான். நான் பாத்தனுங்க. எம் பேரை அங்க எழுதிக்குங்க."

கமலவேணி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ஆய்வாளர் புதுத் தாளை எடுத்தார்.