விருந்தாளிச் சுவர்

வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்ன மகராசன், கட்டிய சுவரை எத்தனை தடவை இடித்துப் பார்ப்பது என்று சொல்லாமலே போய்விட்டான். தையல்காரியின் வீட்டில் மற்ற மூன்று சுவரும் நிற்க, கிழக்குச் சுவர் மட்டும் இரண்டு தடவை எழும்பி, இரண்டு தடவையும் இறங்கிவிட்டது.

அந்த வீட்டைக் கட்டுவது, இல்லாதவர்களுக்கு இலவசமாக வீடு கட்டித் தரும் ஒரு சங்கம். அவ்வப்போது ஒரு சனிக்கிழமை, ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து பஸ் நிறைய ஆட்கள் தொண்டு செய்ய வருவார்கள். புதுக் கையுறை, புதுத் தொப்பி. நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் தூக்குக்குண்டு ஒரு பக்கம் தொங்கினால் அவர்கள் சுவர் இன்னொரு பக்கம் போகும். திங்கட்கிழமை கொத்தனார் அதைப் பிரித்து, கல்லைச் சுரண்டி அடுக்கிவிடுவார். பிரிக்க வசதியாகக் கலவையில் சிமென்டைக் குறைக்கச் சொல்லி சூப்பர்வைசர் உத்தரவு. அடுத்த பஸ்ஸுக்கும் கட்ட ஒரு சுவர் வேண்டுமே. கொத்தனார் அதற்கு விருந்தாளிச் சுவர் என்று பேர் வைத்திருந்தார்.

தையல்காரிக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவள் மகளோடு அக்கா வீட்டில் ஒண்டி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த மாதக் கடைசியில் அக்கா மகனுக்குக் கல்யாணம். வருகிற மருமகளுக்குக் கொடுக்க இருப்பது அந்த ஒரே அறைதான். அக்கா வாய் திறந்து போ என்று சொல்லவில்லை. அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வரும் தேதியை மட்டும் சொன்னாள்.

அதனால்தான் புதன்கிழமை, சூப்பர்வைசர் லீவில் இருந்த நேரம் பார்த்து, அவள் கொத்தனாரிடம் கேட்டாள்.

"அண்ணே, இந்தத் தடவை நெசமான சுவரா கட்டிருங்க. நாலு சுவரும் நின்னுட்டா கூரை போட்டுத்தானே ஆகணும்?"

"அந்தாளு கத்துவாரும்மா."

"கத்தட்டும். நின்ன சுவர வாயால ஊதித் தள்ளிருவாரா?"

கொத்தனார் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு சிமென்ட் மூட்டையைப் பிரித்தார். அவள் கல் எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் சுவர் நூல் பிடித்தாற்போல நின்றது. வியாழக்கிழமை முழுக்க அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். தையல் மிஷினை எந்த மூலையில் போடலாம் என்று மகளிடம் யோசனைகூடக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் வந்து பார்த்தார். கத்தவில்லை.

"நாளைக்கு நாப்பது பேர் வர்றாங்க. எதைக் கட்டுவாங்க?"

"கூரையப் போடச் சொல்லுங்க சார்."

"அந்தக் கூரையக் கொடுக்கிறதே அவங்கதாம்மா. கதவு ஒரு பஸ் கொடுத்தது, ஜன்னல் ஒரு பஸ் கொடுத்தது. சுவரக் கட்டி, முன்னால நின்னு போட்டோ எடுத்தாத்தான் கூரைத் தகடு வரும். சுவர் வேலை இல்லன்னா பஸ் இல்ல. பஸ் இல்லன்னா கூரை இல்ல. அஞ்சு மணிக்கு வருவேன், அதுக்குள்ள பிரிச்சு அடுக்கிருங்க."

கொத்தனார் தலையைத் தொங்கப்போட்டார். அவள் கடப்பாரையை எடுத்தாள். அவர் வாங்கப் போனார், கொடுக்கவில்லை. அவளே ஓங்கிக் குத்தினாள். சுவர் அசையவில்லை. பாவி மனுஷன், அவ்வளவு நன்றாகக் கட்டித் தொலைத்திருந்தார். இன்னொரு குத்துக்குக் கல்தான் இரண்டாக உடைந்தது, கலவை விடவில்லை. மாற்றி மாற்றி மூன்று மணிநேரம் இடித்தார்கள். முழுசாகத் தேறிய கல் பத்தொன்பது.

ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் அந்தக் குவியலைப் பார்த்தார்.

"இப்ப சுவரும் இல்ல, கல்லும் இல்ல" என்றார். இந்த நேரத்துக்கு மேல் யார் கல் இறக்குவார்கள்? போனில் பேசி, பஸ்ஸைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சங்கத்தின் வேறொரு வீட்டுக்குத் திருப்பிவிட்டார். கூரையும் பஸ்ஸோடு திரும்பியது.

"இனி என் முறை எப்ப சார்?"

"மூணு மாசம் ஆகும்."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மாதம் முடியப் பதினோரு நாள்தான் இருந்தது.

போகப் போனவர் நின்றார். "அந்த வீட்டுக்காரம்மா ஊர்ல இல்ல. நாளைக்கு நீங்க அங்க வந்துருங்க. போட்டோவுல நன்றி சொல்ல ஒரு ஆள் வேணும். பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

முடியாது என்றால் அந்த மூன்று மாசமும் நிச்சயமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டாள்.