மைக் திறந்திருந்தது

கிடைத்துவிட்டதாம். எது கிடைத்தது, யாருடையது கிடைத்தது, காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்ற, திரையில் கட்டிலோடு அமுக்கிப் பிடித்திருக்கிற அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்து அவள் கத்திக் கத்தி ஓய்ந்தபோதெல்லாம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, 'இன்னும் வேணும்க்கா, வயித்துலேருந்து வரணும்' என்று சொல்லிக்கொண்டிருந்த டைரக்டர், இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறான், ஹெட்போனில் அவன் குரல் குழைகிறது, 'கெடச்சிடுச்சுக்கா, இதான் பேய், இதுக்குமேல ஒரு பேய் கெடையாது.' அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. அடுத்த டேக் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. அண்ணன் போன் வந்தது, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு எடுத்தாள், பேசினாள், பேசினாளா, கத்தித் தீர்த்தாள், வைத்தாள், தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான்... பிறகு மெல்ல மைக்கைப் பார்த்தாள். அது பாட்டுக்கு வாய்க்கு நேரே நின்றுகொண்டிருந்தது. திறந்துதான் இருந்திருக்கிறது.

யாரைத் திட்டுவது. ஒலிப்பதிவுக்காரத் தம்பியைத் திட்ட முடியாது, நிறுத்தாதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். மற்ற டப்பிங்காரர்களுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுப்பார்கள், அவளுக்கு மட்டும் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிறவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்கு நல்ல அழுகை எப்போதும் ஒத்திகையில்தான் வரும், ரெடி என்றதும் மூடிக்கொள்ளும், எத்தனை கதாநாயகிகளின் அழுகையை அப்படி இருமலுக்கும் செருமலுக்கும் நடுவிலிருந்து பொறுக்கியெடுத்திருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாயில்லாப் பூச்சி, அவனை என்ன சொல்ல. வெளியே எங்கே நின்று பேசினாலும் நாலு காது இருக்கிறது, இந்தக் கண்ணாடி அறைக்குள் மட்டும் தனியாக இருப்பதாக ஒரு நினைப்பு, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருக்கிறதே, இங்கே கத்தினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்று... அடி முட்டாளே, அடுத்தவர் கேட்பதற்கென்றே கட்டிய அறையில் போய் நின்றுகொண்டா குடும்பச் சண்டை போடுவாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பேய் என்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. இந்தப் படத்தைத் துண்டுதுண்டாக ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன கதை, ஒரு வீட்டில் ஒரு பெண், எல்லோருக்கும் பரிமாறுகிறாள், எல்லோர் துணியையும் மடிக்கிறாள், படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா, கிடையாது. திடீரென்று ஒருநாள் முதல் ஆளாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறாள், வாய்விட்டுச் சிரிக்கிறாள், தகப்பன் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, உடனே பிடித்துவிட்டதாம் பேய். பேயோட்டக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒருத்தன் வருகிறான், தண்ணீரை முகத்தில் அடிக்கிறான், யார் நீ, பேரைச் சொல் என்று உறுமுகிறான், அப்பாடா, கடைசியில் பேர் கேட்க ஒரு ஆள் வந்தானே. அதற்குள் மாமன் ஒரு கையை, சித்தப்பன் ஒரு கையை, அம்மாக்காரி காலை அமுக்கிக்கொள்கிறார்கள், இத்தனை பேர் சேர்ந்து அமுக்கினால் யார்தான் கத்த மாட்டார்கள், அதற்குப் பேய் எதற்கு. வசனம் வேறு, உன் ரத்தத்தைக் குடிப்பேன் என்று. எந்தப் பேய் ரத்தம் கேட்டது, அந்தக் கட்டிலில் கிடப்பவளுக்கு ஒரு வசனம் எழுதுகிற உரிமை இருந்தால் அவள் ரத்தமா கேட்பாள், ஏன் எப்போ பார்த்தாலும் நானே என்றுதான் கேட்பாள். கடைசிக் காட்சியில் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள், குணமாகிவிட்டதாம், எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள்.

ஏன் எப்போ பார்த்தாலும் நானே... அதைத்தானே அண்ணனிடமும் கேட்டாள். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும், அண்ணிக்கு முழங்கால் வலியாம், அதனால் 'ஞாயித்துக்கெழம அப்பாவ உன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறேம்மா' என்கிறான், முடியுமா என்று கேட்கவில்லை, வந்துடறேன், முடிந்தது. 'உனக்கென்னம்மா, தனியாத்தான இருக்க, வேலையும் என்ன, போய்க் கத்திட்டு வர்றதுதான.' கத்திவிட்டு வருகிறதுதானா. அம்மா கிடந்த வருஷங்களில் யார் பார்த்தது, மாசத்துக்கு ஒருதரம் பழப் பையோடு வருவான், கட்டிலோரம் உட்கார்ந்து தானே உரித்துத் தானே நாலு சுளை வாயில் போட்டுக்கொண்டு, 'அம்மா முகத்துல தெளிவு வந்திருக்கு, நீ நல்லாப் பாத்துக்கற' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவான். அப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் முடியாது முடியாது என்று சொல்லி, கதாநாயகிகளின் குரல்கள் ஒவ்வொன்றாக வேறு வாய்களுக்குப் போய், அம்மா போன பிறகு மறுபடி கிழவி இருமலிலும் கூட்டக் கூச்சலிலும் ஆரம்பித்து, நாயாய் அலைந்து, இப்போதுதான் படம் முழுக்க ஒரே பாத்திரம், பேயாக இருந்தால் என்ன, முழுப் பாத்திரம். இதை விட்டால் அவளை இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. அப்பா மேல் கோபமே இல்லை, பாவம், அவர் என்ன செய்வார். உன்னால முடியுமாம்மா என்று ஒரு வார்த்தை. அதற்கா பஞ்சம். அதனால்தான் கேட்டாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள், முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டு வைத்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை.

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்க அறைக்குப் போனாள். 'தம்பி, அத அழிச்சிடுங்க.' ஒலிப்பதிவுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'உக்காருங்கக்கா, நீங்க என்ன பேசுனீங்கன்னே யாருக்கும் தெரியாது, சுருதியக் கீழ எறக்கி, ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு மூணு அடுக்காப் போட்டுடுவோம், வார்த்தையே கேக்காது, எனக்கு அந்த உணர்ச்சி மட்டும் போதும்' என்றான். உணர்ச்சி மட்டும் போதுமாம், காரணம் வேண்டாமாம். எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது அவள் முகத்தில், அவன் அதையும் ரசித்துப் பார்க்கிறான், இவனையெல்லாம்... அந்த நேரம் பார்த்துக் கையில் போன் அதிர்ந்தது. அண்ணனின் மெசேஜ். 'நீ சரின்னு சொன்னப்பறந்தான் நிம்மதியா இருக்கு. ஞாயிறு காலைல வந்துடறோம். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், சந்தோஷப்பட்டார்.' சரியா. யார் சொன்னது, எப்போது சொன்னது, அத்தனை கத்து கத்தியும் அவன் காதில் சரி என்றா விழுந்தது, பச்சைப் பொய், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான், அப்பாவிடம் வேறு சொல்லிவிட்டானாம், இனி அவள் மாட்டேன் என்றால் அவள்தானே பாவி. இருக்கட்டும், அவள் கையிலும் சாட்சி இருக்கிறது, நல்லவேளை அழிக்கவில்லை. 'தம்பி, அழிக்க வேணாம். போடுங்க அத, மொதல்லேருந்து போடுங்க, நான் என் போன்ல புடிச்சுக்கறேன்.' அண்ணனுக்கு அனுப்ப வேண்டும், அண்ணிக்கும் அனுப்ப வேண்டும், சொந்தத்துக்கே அனுப்ப வேண்டும்.

போட்டான். திரையில் கட்டிலில் கிடக்கிற பெண் வாயைத் திறந்தாள், அண்ணனைக் கேட்ட கேள்வியெல்லாம் அங்கிருந்து வந்தது, சுவர் அதிர வந்தது, அவளுக்கே கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. இவ்வளவா இருந்தது உள்ளே. நியாயமாகவும் இருக்கிறதே, ஒரு சொல் அதிகமில்லை, பழச் சுளையைக்கூட விடவில்லை, சபாஷ் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'முடியாதுண்ணா, என்னால முடியாது', ஆமாம், சொல்லியிருக்கிறாள், கேட்டுக்கொள் அண்ணா... ஆனால் அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் வெறும் மூச்சு. அந்தப் பக்கம் அண்ணன் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அவன் பேசியது இதில் இல்லை. பிறகு ஒரு 'ம்.' பிறகு இன்னொரு 'ம்', 'இல்லண்ணா, அப்பிடிச் சொல்லல', 'ம்... புரியுதுண்ணா', 'சரிண்ணா.' கடைசியாக, 'சரி, வச்சிடட்டா.' யார் குரல் அது. சின்னப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை குரல் கொடுத்தவள், கேட்டதும் வயசு சொல்வாள், நாலாம் வகுப்புக்கு மேல் போகாது. எப்போது சொன்னாள் இதை, ஏன் நினைவில் ஒட்டவே இல்லை, பழக்கத்தில் வந்த சரியாக இருக்கும், எல்லோரிடமும் அப்படித்தானே போனை வைக்கிறாள், அதற்கு அர்த்தமா உண்டு... அவள் சொல்லலாம் அர்த்தமில்லை என்று, கேட்டவனுக்கு இருக்கிறதே. அண்ணன் பொய் சொல்லவில்லை. போனைத் தாழ்த்தி, பதிவை நிறுத்தினாள்.

'இந்த எடம்தான்க்கா' என்று டைரக்டர் மெல்லிய குரலில் சொன்னான், கண் கலங்கியிருந்தது பாவிக்கு, 'பேய் எறங்கிப் போற எடம், அந்தப் பொண்ணோட உதட்டசைவுகூட ஒத்துப்போகுது பாருங்க, இதத் தொடவே கூடாது.' திரையில் அந்தப் பெண் முகம் இளகி, கண் மூடிக் கிடந்தது, சுற்றி நின்றவர்கள் அமுக்கிய கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'கத்துனத வச்சுக்கங்க' என்றாள் அவள், 'ஒரு சொல்லு விடாம வச்சுக்கங்க. சரின்னு வர்ற எடத்த வெட்டிடுங்க.' 'அது இல்லாட்டி பேய் போகாதேக்கா, படம் எப்பிடி முடியும்.' 'போகலன்னா போகல.' வாயில்லாப் பூச்சி டைரக்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கீபோர்டில் இரண்டு தட்டுத் தட்டினான், திரையில் அந்தப் பெண் கத்திக்கொண்டே இருந்தாள், பிறகு சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது இங்கே. அண்ணன் காதில் இருக்கிறதை யார் வெட்டுவது, அப்பா காது வரைக்கும் போயாகிவிட்டதை. தாழ்வாரத்துக்கு வந்து அண்ணன் எண்ணைத் தட்டினாள், சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நிற்கிறது, நான் சரின்னு சொன்னது சரியில்லண்ணா, சொன்னேன், ஆனா இல்ல, முடியாது, ஆள் வச்சுப் பாத்துக்கலாம், நானும் வந்து போறேன், ஆனா என் வீட்ல முடியாது, அவன் குதிக்கட்டும், கத்தட்டும், அவளும் கத்துவாள், கத்துகிறதுதானே வேலை, யார் தொண்டை பெரிது என்று பார்த்துவிடலாம்... மணி அடித்தது. எடுத்தான். 'சொல்லும்மா' என்றான், எப்போதும் போல, பதறாமல், பரிவாக, 'குரல் ஏன் கம்மிக் கெடக்கு, வெந்நீர் குடிச்சியா.' அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அண்ணன் இன்றுவரை அவளிடம் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. கறுப்பு அங்கிக்காரன் படம் முழுக்க உறுமுகிறானே, தொழில் தெரியாதவன், பேயை அப்படி ஓட்டுவதில்லை. 'என்னம்மா, லைன்ல இருக்கியா' என்றான் அண்ணன், பொறுமையாக. இருந்தாள். வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தாள், எந்தக் குரல் வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை.