தேதி போன பன்னிரண்டு கூப்பன்கள்

கூப்பனுக்குக் கெடு வைக்க வேண்டும் என்று சொன்னவளே ராமுத்தாய்தான். ஆகவே அந்த வைகாசி மாதக் காலையில், மலையிலிருந்து வந்த அம்மாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பன்னிரண்டு கூப்பன்களையும் மேசைமேல் பரப்பியபோது, அவள் கண்தான் முதலில் தேதிக்குப் போனது.

எண்பத்து நாலாம் வருடத் தீபாவளிக்குப் பொன்னுமணி தன் அழகு நிலையத்தின் பெயரில் பரிசுக் கூப்பன் அச்சடித்தாள். போடி ஊருக்கு அது புதுச் சங்கதி. 'இதைக் கொண்டு வருபவருக்கு ஏதேனும் ஓர் அழகுப் பணி இலவசம்' என்று போட்டிருந்தது. அவளிடம் வேலை பார்த்த ராமுத்தாய் மாலையில் டைப்பும் வணிகக் கடிதமும் கற்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கொடுத்த மாதிரிக் கடிதத்தில் 'இச்சலுகை இன்ன தேதி வரை' என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு கூப்பனிலும் சிவப்பு மையில் தேதி எழுதியவள் அவள்தான். எழுதிய பிறகும் ஒரு வாரம், சரியாகத்தான் செய்தோமா என்று தன் நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டாள். எதையும் வரிசையாகச் செய்வாள். செய்து முடித்ததை மட்டும் நம்ப மாட்டாள்.

ஓர் ஏலக்காய் வியாபாரி பன்னிரண்டு கூப்பன் வாங்கி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தன் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குத் தீபாவளிக்குக் கொடுத்தார். தை வரை ஒருத்தியும் இறங்கி வரவில்லை. கெடு முடிந்தது. பொன்னுமணி மறந்தே போனாள்.

இப்போது வந்திருக்கிறது. மலையில் காகிதம் ஈரத்தில் ஊறிப்போகும் என்று, காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே டப்பாவை வைத்திருந்தார்களாம். கூப்பன்கள் அப்பளம் போல மொறமொறவென்று இருந்தன. கடை முழுக்க ஏலக்காய் மணத்தது.

கொண்டுவந்தவள் பெயர் கருத்தம்மாள். பக்கத்தில் அவள் மகள் சுந்தரம்மாள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் தாயி. ஜீப்பு மூணு மணிக்குத் திரும்புது. வெரசாப் பண்ணிவிட்டுருங்க."

பொன்னுமணி ஒரு கூப்பனை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தாள். "தேதி போயி நாலு மாசம் ஆச்சேம்மா."

"தோட்டத்துக் காவலுக்கு இருக்குற வாச்சர் வாசிச்சுச் சொன்னாரு. அந்தத் தேதி கடைக்காரவுக கணக்குக்குன்னு நினைச்சோம்."

"எங்க கணக்குக்குத்தான். அந்தக் கணக்குல இது செல்லாது."

கருத்தம்மாள் கெஞ்சவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். தையில் நிச்சயம் நடந்தபோது, தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு கூப்பனைச் செய்முறையாக, மொய்க்குப் பதில் சீராக, வைத்துவிட்டார்கள். யார் யார் என்ன செய்கிறார்கள் என்று சபையில் வாசித்தும் ஆகிவிட்டது. பாத்திரம், துணி வாங்க அவர்கள் கையில் எதுவும் இல்லை. கூப்பன் செல்லாது என்றால், பன்னிரண்டு பேரும் செய்முறை செய்யாதவர்கள் ஆகிவிடுவார்கள்.

"செய்முறைக்கு ஏது தாயி தேதி? எங்கப்பன் கல்யாணத்துக்கு ஒருத்தர் செஞ்சத நான் இருவத்தஞ்சு வருசம் கழிச்சுத் திருப்பிச் செஞ்சிருக்கேன். வாங்கிக்கிட்டாக."

பொன்னுமணி ராமுத்தாயைப் பார்த்தாள். "போன வாரம் சிலமலை டீச்சரம்மா கொண்டாந்த கூப்பன நீதான செல்லாதுன்ன? தேதி போட்டவ நீ. நீயே சொல்லு."

ராமுத்தாய் கூப்பன்களை அடுக்கத் தொடங்கினாள். தடுமாறும்போதெல்லாம் எதையாவது அடுக்குவது அவள் பழக்கம். அப்போதுதான் ஒரு கூப்பன் புரண்டது. பின்பக்கத்தில் பென்சிலால் 'வலது கை' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அடுப்புக்கரி தொட்டு வைத்த கைநாட்டு. அடுத்ததைப் புரட்டினாள். 'புருவம்', இன்னொரு கைநாட்டு. 'கழுத்து'. 'சடை'. 'இடது கால்'.

"இது என்னம்மா?"

"ஆளுக்கு ஒரு எடம்," என்றாள் கருத்தம்மாள். "யாரு செஞ்சது எதுன்னு தெரிய வேணாமா? புருவம் மொக்கம்மா செய்முறை. சடை சுப்புத்தாய் செய்முறை. வாச்சர் எழுதுனாரு, அவளுக நாட்டு வச்சாளுக."

ராமுத்தாயின் கை நின்றுவிட்டது. பாத்திரக்கடைக்குப் போகிறவர்கள் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒரு பெண்ணைத் தலையிலிருந்து கால் வரை பங்கிட்டு, அவளுக்கே அவளைச் செய்முறையாகக் கொடுத்ததை இன்றுதான் பார்க்கிறாள்.

"அக்கா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அக்கா, நான் போட்ட தேதி வியாபாரி குடுத்ததுக்கு. அது முடிஞ்சிருச்சு. டீச்சரம்மா தனக்கு வந்தத தானே வச்சிருந்தாக. இவுக வாங்குனதத் திரும்ப இன்னொருத்திக்குக் குடுத்திருக்காக. அது வேற கொடை. முகூர்த்தம் நாளைக்குத்தான. அதுக்கு இன்னும் தேதியே வரல."

சொன்னபிறகு, இது சரியா, வெறும் வாய்ச்சாலமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொன்னுமணி ஒரு கூப்பனைப் புரட்டிக் கைநாட்டைப் பார்த்தாள். பிறகு கொண்டையை இறுக்கி முடிந்தாள். "டைப்படிக்கப் போறேன்னு சொல்லிட்டு வக்கீலுக்குப் படிக்கிறியாடி? வெந்நீர் போடு."

வேலை தொடங்கியது. ராமுத்தாய் கூப்பன்களைத் தலையிலிருந்து கால் வரை வரிசையாக வைத்தாள். ஒன்றை எடுத்து இடத்தைப் படிப்பாள். சுந்தரம்மாள் ஆளைச் சொல்லுவாள். தலை கழுவினார்கள். அவிழ்ந்த கூந்தல் நாற்காலியைத் தாண்டித் தரையில் கிடந்தது. நூலைப் பல்லில் கடித்துப் பொன்னுமணி புருவம் எடுத்தபோது, பெண் வலியில் "மொக்கம்மா சின்னாத்தா" என்றுதான் முனகினாள்.

"வலது கையும் இடது கையும் ஒருத்தரே குடுத்திருக்கக் கூடாதா? ரெண்டு கூப்பன் எதுக்கு?" என்று கேட்டாள் பொன்னுமணி.

"ரெண்டு பேரும் நாத்தனாரும் மதினியும். ஆறு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல. அதான் ஆளுக்கொரு கை," என்றாள் கருத்தம்மாள். "ரெண்டையும் ஒண்ணுபோலப் பண்ணு தாயி. ஒண்ணு கூடக்கொறைய இருந்துச்சு, நாளைக்குப் பந்தியில இலை பறக்கும்."

பொன்னுமணி இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, இமை கொட்டாமல் ஒப்பிட்டுப் பார்த்தாள். காய் எடுத்து எடுத்துக் கறை ஏறிய விரல்கள். எலுமிச்சைக்கும் சோப்புக்கும் முக்கால்வாசி போனது. மீதி போகவில்லை. இரண்டு கையிலும் ஒரே அளவாக நின்றது. கருத்தம்மாள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

பதினோரு கூப்பன் முடிந்தபோது மணி இரண்டரை. கடைசிக் கூப்பனைப் புரட்டிய ராமுத்தாய் இரண்டு தடவை படித்தாள். 'மிச்சம்' என்று இருந்தது.

"இது இருளம்மா அத்தை," என்றாள் சுந்தரம்மாள். "எல்லாரும் எடம் சொல்லி முடிக்கட்டும்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அப்புறம், யாரும் எடுக்காம விட்டது எல்லாம் எனக்குன்னுச்சு."

"கெட்டிக்காரி," என்றாள் தாய். "அவுகவுக ஒரு எடத்தப் பிடிச்சாளுக. அவ மொத்தப் பிள்ளையையும் எடுத்துக்கிட்டா."

பொன்னுமணியும் ராமுத்தாயும் நாற்காலியைச் சுற்றி வந்தார்கள். எது மிச்சம்? காதின் பின்புறம். யாரும் சொல்லவில்லை. பிடரி. முழங்கை, செடியடியில் ஊன்றி ஊன்றித் தடித்துப்போனது. முழங்கால் மடிப்பு. தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. ஒரு பெண்ணிடம் இத்தனை இடம் உண்டென்று, தினமும் நாலு பேருக்கு அலங்காரம் செய்யும் அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. ராமுத்தாய் தரையில் உட்கார்ந்து கொலுசுக்கு மேலே பார்த்தாள். அட்டை கடித்த வடுக்கள், சின்னச் சின்னதாக, கெண்டைக்கால் வரை ஏறியிருந்தன. எண்ணத் தொடங்கினாள். நாற்பதுக்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றின்மேலும் எண்ணெய் தடவினாள். அந்தப் பெண் அசையவில்லை. அங்கே அதுவரை யாரும் தொட்டதில்லை போலிருந்தது.

வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்தது. டிரைவர் ராக்கையா எட்டிப் பார்த்தார்.

"மூணாச்சு. மேட்டுல மேகம் எறங்குது. வர்றீகளா, போகட்டுமா?"

கருத்தம்மாள் வாசலை நோக்கி நகர்ந்தாள். பொன்னுமணி அவளைக் கையமர்த்திவிட்டு, பெண்ணின் பிடரியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாசல் பக்கம் சொன்னாள்:

"செத்த இருங்கண்ணே. இருளம்மா சோலி இன்னும் முடியல."