லீயம்மா தைத்த புலிமுகச் செருப்பு

ஆணி அடித்து முடித்த வேதமுத்து, இரவல் வாங்கிய சுத்தியலை எதிர்வீட்டு சொர்ணம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்து டீ கேட்டான். மனைவி ஜெயசீலி டம்ளரை நீட்டிய நேரத்தில், வாசலுக்கு மேலே அவன் மாட்டியிருந்த குழந்தைச் செருப்பு உறுமியது. 1962 அக்டோபர் கடைசி, தாராவி கிராஸ் ரோட்டை ஒட்டிய சந்து. வாசலில் வடநாட்டுப் பால்காரர், பையா என்று நாங்கள் கூப்பிடுகிறவர், கேனோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்துத்தான் உறுமியது என்பதில் அங்கிருந்த யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. அது நாயின் உறுமல் அல்ல; காலி ஆட்டுக்கல்லைச் சுற்றினால் வருகிற சத்தம், அடிவயிற்றிலிருந்து. வேதமுத்து என் தம்பி. யாரும் யாரையும் சந்தேகப்படாமல் அந்த வீட்டில் குடிக்கப்பட்ட கடைசி டீ அதுதான்.

குர்லாவில் லீ என்ற சீனர் நடத்திய செருப்புக் கடையில் தம்பி தோல் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மகள் ஏஞ்சல் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டு, லீயின் மனைவி ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அவரை நாங்கள் லீயம்மா என்போம். சிவப்புத் துணியில் மூடின செருப்பு, முன்நுனியில் புலிமுகம், மஞ்சள் நூலில் மீசை, நெற்றியில் ராஜா என்று பொருள்படும் சீன எழுத்து, துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு உருண்டைக் கண்கள். குழந்தைக்குக் காவல் என்று லீயம்மா சொன்னதில் பாதிதான் தம்பிக்கு விளங்கியது. எங்கள் சனத்துக்குக் காவல் என்றால் கண்ணேறுக்குத்தான். அதற்காக வாசலில் பூதம் வரைந்த பூசணிக்காயைக் கட்டுவார்கள், அல்லது பழஞ்செருப்பைக் கட்டுவார்கள். இது இரண்டும் ஒரே சாமானில் வந்திருந்தது. “காலுல போட்டா புழுதிதாம்ட்டி மிச்சம். ஒண்ண வாசல்ல கட்டு. புலி மூஞ்சியப் பாத்துட்டு எவ கண்ணு வைப்பா?” என்றாள் சொர்ணம்மாள். மற்றொன்று டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. இதைக் கேள்விப்பட்ட சபை உபதேசியார் ஜெயசீலியிடம் சில ஞாயிறுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“பாத்தியளா, பாலுல தண்ணி ஊத்துதவன செருப்புக்கே தெரியுது” என்று சந்தே சிரித்தது. அந்த வாரமே பால்காரரை அவருடைய எருமை உதைத்து விலா எலும்பு ஒடிந்தது. தண்டனை என்றார்கள். அடுத்ததாக, மிளகாய்ப்பொடி கேட்டு வந்த சொர்ணம்மாளைப் பார்த்து உறுமியது. “ஏலே, நான் கட்டச் சொன்ன செருப்பு, என்னயவே உறுமுதா?” என்று அவள் சிரித்தாள். கூடச் சிரிக்க ஆள் இல்லை. குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்தபோது, அவள் மனசில் இருந்த பொறாமை என்னென்ன என்று பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அது சீனச் சண்டைக் காலம். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, ரேடியோவில் எல்லைச் செய்தி ஓடியது. ஊரில் ஆளாளுக்குச் சந்தேகப்பட ஒருவர் இருந்தார். எங்கள் சந்தில் அதற்கென்று ஒரு கருவியே இருந்தது.

நவம்பரில் ஒரு மத்தியானம் லீயையும் லீயம்மாவையும் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராஜஸ்தானத்தில் ஏதோ முகாம் என்று பிறகு தெரிந்தது. பூட்டிய கடையிலிருந்து வேதமுத்து நடந்தே வீட்டுக்கு வந்தான். செருப்பு அவனைப் பார்த்து உறுமியது.

“என்ன செஞ்சிய?” என்றாள் ஜெயசீலி.

“நான் என்னத்தட்டி செய்ய? ஜீப்புல ஏத்துனாங்க. பாத்துட்டு நின்னேன்.”

“பெறவு அது எதுக்கு உங்களப் பாத்து உறுமுது?”

“அதுகிட்டயே கேளு.”

சந்து அவளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது: சோறு போட்டவரைக் காட்டிக் கொடுத்தவன். காட்டிக் கொடுத்தவன் வீட்டில் பிள்ளையை வளர்க்க மாட்டேன் என்றாள் ஜெயசீலி. தம்பி குர்லாவில் என் அறைக்குப் படுக்கையோடு வந்து சேர்ந்தான், தோல் பதனிடும் இடத்தில் சுமை தூக்கப் போனான். சாயங்காலம் தோறும் தாராவிக்குப் போய் வாசற்படிக்கு வெளியே உட்காருவான். ஜெயசீலி குழந்தையை அவன் மடியில் விட்டுவிட்டு உள்ளே நிற்பாள். மேலே செருப்பு உறுமிக்கொண்டிருக்கும்.

“உள்ள வரட்டா?”

“உண்மையச் சொல்லிட்டு வாங்க.”

“இல்லாதத எப்படிச் சொல்ல?”

சண்டை நின்ற பிறகும் இவர்கள் பேச்சு அதைத் தாண்டவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கும்படி செருப்பு உறுமியது. ஜெயசீலி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். தம்பி சயானில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும்போது கல்யாண் லோக்கல் ரயில் வந்தது. அதே நேரத்தில் செருப்பின் சத்தம் நின்றது என்று சந்தில் எல்லோரும் சொல்கிறார்கள். காட்டிக் கொடுத்தவனுக்குக் கூலி என்றும் அவர்களே சொன்னார்கள்.

1967இல் லீயம்மா தனியாகத் திரும்பி வந்தார். லீயை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். விசாரித்து விசாரித்துச் சந்துக்கு வந்தவர் வாசலில் நின்று மேலே பார்த்தார். அன்று நானும் அங்கிருந்தேன். இது ஏன் அங்கே தொங்குகிறது, காலில் போடுவதல்லவா என்று பம்பாய் இந்தியில் கேட்டார். ஜெயசீலி என் மூலமாக எல்லாவற்றையும் சொன்னாள். லீயம்மா குனிந்து, குழந்தை நடப்பதைப் போலக் கையைத் தரையில் வைத்து வைத்துக் காட்டினார். நடக்கப் பழகும் குழந்தைக்குப் பாதை தெரியாது. அதற்குப் பதிலாகப் புலி பார்க்கும். பள்ளம் இருந்தால், பாம்பு இருந்தால் சொல்லும். போகிற வழியில் இருப்பதைத்தான் சொல்லும். நல்லவன், கெட்டவன் எல்லாம் அதற்குத் தெரியாது. அது செருப்பு.

ஜெயசீலி அண்ணாந்து செருப்பைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ உங்களக் காட்டிக் குடுத்தது யாரு?”

நான் இந்தியில் சொன்னேன். லீயம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. இரண்டு முறை சொல்ல வைத்தார். “காட்டிக் கொடுக்க என்ன இருக்கிறது?” என்றார். “கடை வாசலில் போர்டு தொங்கியது.”

செருப்பு இன்னும் வாசலுக்கு மேலேதான் இருக்கிறது. கழற்றச் சந்து விடவில்லை. அது உறுமினால் உறுமப்பட்டவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறார், ஜெயசீலி டீ போடுகிறாள், சத்தம் நின்றதும் எழுந்து வேலைக்குப் போகிறார். தாமதமாக வந்ததற்குச் செருப்பு உறுமியது என்று சொன்னால் தோல் பட்டறைகளில் ஒப்புக்கொள்கிறார்கள். போன மாதம் உபதேசியார் ஒரு முழு மத்தியானமும் உட்கார்ந்திருந்தார்.

குர்லாவில் அந்தக் கடையில் இப்போது குடை ரிப்பேர் நடக்கிறது. பலகையை மட்டும் யாரும் மாற்றவில்லை. வெள்ளையில் சிவப்புக் கொட்டை எழுத்தில் லீ என்று இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாலே படிக்கலாம்.