ஆணி அடித்த ஜன்னல்கள்

கட்டடக்கலைக் கல்லூரியில் அன்று இறுதித் தேர்வு. ஏசி தேவைப்படாத வகுப்பறை ஒன்றை வடிவமைக்க வேண்டும். மற்றவர்கள் சுவர் கொள்ளாமல் படங்களை மாட்டியிருக்க, ஒரு மாணவி மட்டும் மாட்டியது ஜன்னல்கள் மட்டும் வரைந்த ஒரே ஒரு தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கோட்டும் சூட்டுமாக நின்று உற்றுப் பார்த்தார். "என்னம்மா, கட்டடத்தையே காணோம்?"

"புதுசா எதுக்கு சார்? இந்த ஹாலே போதும்."

ஏசி வந்த புதிதில் ஆணி அடித்து மூடிய மேல் ஜன்னல்கள் அங்கே பன்னிரண்டு இருந்தன. எவற்றைத் திறந்தால் காற்று ஓடும் என்று கம்ப்யூட்டரில் நானூறு விதமாகப் போட்டுப் பார்த்து, ஐந்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். துறைத் தலைவரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கி, தச்சு வேலை செய்யும் மாமாவை ஏணி பிடிக்கச் சொல்லி, முந்தின நாள் ஆணிகளைத் தானே பிடுங்கியிருந்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்மா. அடிக்கிற வெயில்ல ஏசி இல்லாம அஞ்சு நிமிஷம் உக்கார முடியுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"காலையிலேயே ஏசியை நிறுத்தியாச்சு சார். மூணு மணி நேரமா இங்கதான இருக்கீங்க."

தேர்வாளர் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். ஒரு பட்டனைக்கூட அவர் கழற்றியிருக்கவில்லை.