லெவல் பார்க்கிறப்ப சொன்ன வழி

எங்க காலேஜ் ரேடியோவுல மதியம் ஒரு மணி நேரம் உள்ளூர்க்காரங்க பாட்டுதான். சினிமாப் பாட்டு கேட்டு யாராவது ஃபோன் பண்ணா, வேற ஸ்டேஷன் திருப்பிக்கோங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடுவேன். முடி வெட்டற கடைக்காரர் வந்து பாடியிருக்கார். ஹார்டுவேர் கடை முதலாளி புல்லாங்குழல் வாசிச்சிருக்கார். நாலு பசங்க சேர்ந்து காது கிழியற மாதிரி டிரம்ஸ் அடிச்சிருக்காங்க. இந்த ஊர்ல குடியிருந்தா போதும், வேற எதுவும் கேக்க மாட்டோம்.

அப்படித்தான் எங்க அக்காவையும் இழுத்துட்டுப் போனேன். அவ வரவே மாட்டேன்னா. புருஷன் அடி தாங்காம கட்டின துணியோட ஓடி வந்தவ அவ. அவளுக்காக நானும் காலேஜ் மாத்திக்கிட்டு இந்த ஊருக்கு வந்தேன். நாங்க எங்க இருக்கோம்னு அத்தானுக்குத் தெரியக்கூடாது, அவ உசுரு அதுலதான் இருந்தது. தையல் கடையில மெஷின் மிதிச்சுக்கிட்டே அவ முணுமுணுக்கறது அவளே கட்டின பாட்டு. அதை வெளிய யாரும் கேக்காம போறது எனக்குப் பொறுக்கல. பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம், பாட்டை மட்டும் போடறோம்னு சத்தியம் பண்ணி மைக் முன்னாடி உட்கார வெச்சேன்.

ரெக்கார்டிங் அறையில எங்களுக்கு ஒரு பழக்கம். குரல் எவ்வளவு ஏறுது, எவ்வளவு இறங்குதுன்னு பார்க்க, பாடறதுக்கு முன்னாடி சும்மா ஏதாவது பேசச் சொல்லுவோம். ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னா எல்லாரும் விறைச்சுக்கறாங்க. அதனால, வீட்டிலேருந்து இங்க எப்படி வந்தீங்கன்னு கேப்போம். வழி சொல்றப்ப எல்லாருக்கும் பேச்சு தானா வரும். அது எங்க டெக்னீஷியன் அண்ணனோட யோசனை. எப்பப் பாரு "லெவல் குடுங்க, லெவல் குடுங்க"ன்னு கத்தி, அவருக்குப் பேரே லெவல்னு ஆகிப்போச்சு. அக்காவும் வழி சொன்னா, அப்புறம் பாடினா. லெவல் அந்தப் பேச்சை வெட்டிட்டு பாட்டை மட்டும் தனியா எடுத்து வெச்சார்.

ஒரு தடவை போட்டோம். பேர் இல்லாத பாட்டுன்னு ஃபோன் ஃபோனா பரவிடுச்சு. எங்க ஒலிபரப்பு இன்டர்நெட்லயும் போகுதே, எங்கெங்கேயோ இருக்கறவங்கல்லாம் மறுபடி போடுங்கன்னு ஒரே நச்சரிப்பு. சரின்னு அடுத்த வாரம் மறுபடி வெச்சோம்.

மைக்குல ரெண்டு வார்த்தை சொல்லி, பாட்டை ஓட விட்டு, தண்ணி பாட்டிலைத் திறந்தேன். ஹெட்ஃபோன்ல அக்கா பேசறா.

"மார்க்கெட்டுக்குப் பின்னாடி பெயின்ட் கடை இருக்குல்ல, அதை ஒட்டின சந்துல மாடி வீடு. அங்கேருந்து நடந்தே வந்துட்டேன்..."

சத்தத்தைக் குறைக்கற, மேலயும் கீழயும் நகர்ற பட்டனை இழுத்து இறக்கறதுக்குள்ள, வேலை செய்யற தையல் கடையையும் சொல்லி முடிச்சுட்டா. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லெவல் ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு நின்னார். வெட்டினது, வெட்டாதது ரெண்டும் கம்ப்யூட்டர்ல பக்கத்துல பக்கத்துல கிடந்திருக்கு, மனுஷன் வெட்டாததை இழுத்துப் போட்டுட்டார். படுபாவி, உன் கண்ணை எங்க வெச்சிருந்தன்னு திட்டக்கூட நேரமில்ல. பேச்சைத் தாண்டி பாட்டுக்கு நகர்த்தி ஓட விட்டேன். தையல் கடைக்கு ஃபோன் போட்டேன், அடிச்சுக்கிட்டே இருந்தது. அக்காகிட்ட ஃபோன் கிடையாது. முன்னாடி இருந்ததை வெச்சுத்தான் அத்தான் ஒரு தடவை அவளைக் கண்டுபிடிச்சார்.

அப்ப ஸ்டேஷன் ஃபோன் அடிச்சது.

"பாட்டு அருமைங்க. ஆனா முன்னாடி அந்தப் பொண்ணு பேசினது சரியா கேக்கல. அதை மட்டும் மறுபடி போடுங்களேன்."

தேன் மாதிரி குரல். அந்தக் குரலை நம்பித்தான் எங்க வீட்ல பொண்ணு குடுத்தாங்க. ஊருக்கு ஒரு குரல், கதவைச் சாத்தினா ஒரு குரல், அதுதான் எங்க அத்தான். குரலை மாத்திக்கிட்டு, அதெல்லாம் போட முடியாதுங்கன்னேன். அவர் மெதுவா சிரிச்சார்.

"மச்சினி, உன் குரல் எனக்குத் தெரியாதா?"

அவருக்குப் பின்னாடி ஒரு பஸ் கண்டக்டர் எங்க ஊர் பேரைச் சொல்லிக் கூவிக்கிட்டு இருந்தார். லைன் கட் ஆயிடுச்சு.

லெவல் போலீசுக்குப் பேசினார். நேர்ல வந்து எழுதிக் குடுங்கன்னு சொன்னாங்களாம், என்னத்தைச் சொல்ல. மைக்குல அக்காவை எச்சரிக்கலாம்னா, அத்தானும்தானே கேப்பார். அந்த நேரம் கதவைத் தள்ளிக்கிட்டு அக்காவே வந்துட்டா. கழுத்துல அளவு டேப் தொங்குது, கால்ல செருப்பு இல்ல. கடை ரேடியோவுல கேட்டிருக்கா.

வேற ஊருக்குப் போயிடலாம், இப்பவே கிளம்புன்னு அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். அத்தான் வந்துக்கிட்டிருக்கார்னும் சொன்னேன். அவ நகரல.

"இன்னும் எத்தனை ஊருக்குடி ஓடறது?"

மறுபடி ஃபோன் அடிச்சது. ரெண்டாவதா போட்ட பாட்டும் முடியப் போகுது. ஃபோன் பண்றவங்க பேச்சை வெளிய விடற பட்டனைக் காட்டி, இதை மேல தள்ளினா எல்லாருக்கும் கேக்கும்லன்னு அக்கா கேட்டா. வேண்டாம்க்கா, உன்னைக் கும்பிடறேன்னு கெஞ்சினேன். அவளே அதை மேல தள்ளினா.

"நான்தான் பேசறேன்."

"வழியெல்லாம் நல்லா சொன்ன." அது கதவைச் சாத்தினப்புறம் வர்ற குரல். "வந்துட்டே இருக்கேன். போன தடவை பல்லை உடைச்சதோட விட்டேன். இந்தத் தடவை காலை ஒடிச்சுத்தான் இழுத்துட்டுப் போவேன். அடைக்கலம் குடுத்தாளே உன் தங்கச்சி, அவளுக்கும் இருக்கு. எவன் கேக்கறான்னு பார்க்கறேன்."

எங்ககிட்ட பேசறதுக்காக அவர் ரேடியோவை நிறுத்தியிருப்பார் போல. தான் பேசறது வெளிய போகுதுன்னு அவருக்குத் தெரியல.

"நீங்க பேசினது எல்லாம் ரேடியோல போயிக்கிட்டு இருக்குங்க," அக்கா சொன்னா. "ஊரே கேக்குது."

உடனே அந்தத் தேன் குரல் திரும்பி வந்தது. "இல்லம்மா, நான் சும்மா விளையாட்டுக்கு..." பாதியில லைன் கட்.

பயம் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கண்டக்டர் கூவினது இன்னும் என் காதுல இருந்தது. லெவல் போய் வாசக் கதவுக்குக் குறுக்கே மேஜையை இழுத்துப் போட்டுட்டு, அதை இருத்தி வைக்கிற மாதிரி மேல உட்கார்ந்துக்கிட்டார். டிரம்ஸ் பசங்களுக்கு வரச் சொல்லி ஃபோன் போட்டார். அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு தரையில உட்கார்ந்தா.

திரும்பவும் ஃபோன். ரெண்டு பேரும் எடுக்கல. விடாம அடிச்சது. கடைசியில நான் எடுத்தேன். எங்க வீட்டுக்காரம்மா. அக்கா புருஷன் வெளிநாட்டுல இருக்கார்னு பொய் சொல்லித்தான் அவங்ககிட்ட வீடு பிடிச்சிருந்தோம். தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு யார் வீடு தர்றாங்க? சரி, இருந்த இடமும் போச்சு, மூட்டையைக் கட்டச் சொல்லப் போறாங்கன்னு நினைச்சு, மன்னிச்சிடுங்கம்மான்னு ஆரம்பிச்சேன்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சந்துல இருக்கற பொம்பளைங்க எல்லாம் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்கோம். பூட்டை மாத்த ஆளுக்குச் சொல்லிவிட்டிருக்கேன். எத்தனை சாவி போடணும்னு உங்க அக்காவைக் கேட்டுச் சொல்லு."

நான் அப்படியே கேட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. அத்தான் பேசினப்ப கலங்காதவ, ரெண்டு சாவின்னு சொல்றதுக்குள்ள உடைஞ்சு அழுதுட்டா.