மடையில் உட்கார்ந்த நாக்கு

உப்பளத்தில் அவரை எல்லோரும் நாக்குக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாய்ப்பேச்சால் வந்த பெயர் அல்ல. மனிதர் பேசுவதே அபூர்வம். பாத்தி நீரில் சுண்டுவிரலை நனைத்து நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். அப்படியே வானத்தைப் பார்த்து "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் மடையைத் திறக்கலாம். வராவிட்டால் திறக்கக் கூடாது. மூடிய கண்ணால் வானத்தில் என்ன பார்க்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கடல்நீரைப் பெரிய பாத்தியில் கட்டி வெயிலில் சுண்டவிட வேண்டும். நன்றாக முற்றியதும் வரப்பில் மடை வெட்டி, உப்பு விளைகிற சின்னப் பாத்திக்குத் திருப்ப வேண்டும். அரைகுறையாகச் சுண்டிய நீரைத் திருப்பினால் அது பசியோடு வந்த சொந்தக்காரனைப் போல, வீட்டில் இருப்பதையும் தின்றுவிடும். படிந்த உப்பெல்லாம் கரைந்து மறுபடி கடலாகிவிடும். ஆகவே எப்போது திறக்கலாம் என்று சொல்கிறவர் கையில்தான் மடை மண்வெட்டி இருக்கும். அந்த மண்வெட்டி நாக்குக்காரரின் தோளை விட்டு இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

சரித்திரத்தை மாற்ற வந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. எங்கிருந்தோ ஒரு கண்ணாடிக் குழாய் வாங்கி வந்திருந்தான். உப்புநீரில் போட்டால் செங்குத்தாக நின்று மிதக்கும். எத்தனை டிகிரி முற்றியிருக்கிறது என்று கோடு காட்டும். இருபத்தைந்து காட்டினால் திறக்கலாம். அந்தக் குடும்பத்தில் டிகிரியைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவன்தான்.

அன்று காலை சரக்குக் கொட்டகையில் டீ நேரம். பருவத்தின் கடைசிப் பாத்தி மட்டும் பாக்கி. கட்டைவிரல் கனத்துக்கு உப்பு படிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் கட்டினால் கனத்துவிடும். மழைக்கு முன்னால் வாரி அம்பாரமாகக் குவித்துவிடலாம்.

"அத்தான், ஒரு சந்தேகம்" என்றான் மச்சினன். "உங்களுக்குச் சளி பிடிச்சா உப்பளத்துக்கு லீவா?"

உப்பு வாரும் பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். நாக்குக்காரருக்கு உடனே பதில் தோன்றியது. அது அவருக்கு எப்போதாவது நடக்கிற விஷயம். கையில் டீயை வைத்துக்கொண்டு சொன்னால் கெத்தாக இருக்காது என்பதால், மனைவி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றிய முழு டம்ளரையும் ஒரே மடக்கில் விழுங்கினார்.

"இந்த நாக்கு ஒரு மடையில தப்பட்டும்டா. மண்வெட்டிய உன் கையில குடுத்துட்டு நான் போய் அம்பார நிழல்ல படுத்துக்கிறேன்."

எல்லோரும் ஓஹோ என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கு இருந்த இடத்தில் ஒரு செருப்பு இருப்பதை அவர் உணர்ந்தார்.

பாத்திக்குப் போய் விரலை நனைத்து வைத்தார். ஒன்றுமில்லை. கையையே நனைத்து நக்கினார். ஒன்றுமில்லை. உப்பளத்தின் நடுவில் நின்றுகொண்டு உப்பு தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் எந்த மனிதனுக்கு வரும்?

"ஏங்க, என்ன ரொம்ப நேரமா ருசி பாக்குறீங்க? பசிக்குதா?" என்று தூரத்திலிருந்து கேட்டாள் மனைவி.

"ம்ஹூம்" என்றார். குறைவாகப் பேசுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. நாக்கு வெந்தாலும் வெளியே தெரியாது.

அப்போதுதான் முட்டை ஞாபகம் வந்தது. குழாயும் நாக்கும் இல்லாதவர்கள் செய்கிற சோதனை அது. முற்றிய உப்புநீரில் முட்டை மிதந்து, மேல்பக்கம் ஒரு காசு அகலத்துக்குத் தலைகாட்டும். முற்றாத நீரில் நாணத்தோடு முங்கிக் கிடக்கும். இத்தனை காலமும் அப்படிச் சோதிப்பவர்களைப் பார்த்து, "என்னப்பா, அடை வைக்கப் போறியா?" என்று கேட்டு வந்தவர் அவர். இன்று கொட்டகைக்குப் பின்னால் போய், சாக்குகளுக்கு இடையில் கோழி கைவிட்டுப் போன கூட்டில் கையை விட்டார். ஒரு முட்டை இருந்தது. அது எப்போதிலிருந்து இருக்கிறது என்று முட்டையும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வரப்பின் மறைவில் குந்தி முட்டையை நீரில் விட்டார். பாதி உடம்பு வெளியே தெரிய, பந்தாவாக மிதந்தது. காசு என்ன, தட்டே வைக்கலாம்.

முட்டையைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எழுந்து, கண்ணை மூடி, வானத்தைப் பார்த்தார்.

"ம்."

மச்சினன் குழாயோடு ஓடி வந்தான். மிதக்கவிட்டான். குனிந்து பார்த்தான். "அத்தான், இருபதுதான் காட்டுது."

"உன் குழாய்க்குக் காய்ச்சலா இருக்கும்."

"இல்ல அத்தான், நிஜமா இருபதுதான்..."

"யாரு பெரியவங்க? குழாயா, நானா?"

நாக்குக்காரர் மண்வெட்டியை ஓங்கி வரப்பை வெட்டினார். மண் சரிந்தது. நீர் சலசலவென்று சின்னப் பாத்திக்குள் இறங்கியது. வழக்கமாக அவர் ரசிக்கும் சத்தம். இன்று கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

மச்சினன் குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். அவன் அடிப்படையில் நல்லவன். அதுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம்.

"அக்கா சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் கேக்கல" என்றான், கண் கலங்க. "உங்க நாக்குக்கு முன்னாடி இதெல்லாம் எந்த மூலைக்கு அத்தான்? மன்னிச்சிடுங்க." சொல்லிவிட்டு அவரைத் தாவி இறுகக் கட்டிக்கொண்டான்.

படக்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு காற்று வீசியது. வாருபலகையோடு நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்தார்கள். மச்சினன் பிடியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். மனைவி மட்டும் கிட்டே வந்து, அவருடைய சட்டைப் பையிலிருந்து வழிந்த பச்சை நிறச் சங்கதியைப் பார்த்தாள்.

"ஏங்க, கூமுட்டையப் பையில வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

கூமுட்டை. உப்பளத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், கெட்டுப்போன கூமுட்டை எந்தத் தண்ணீரிலும் மிதக்கும். குடிதண்ணீரிலும் மிதக்கும்.

நாக்குக்காரர் ஓடினார். முழங்கால் வரை சேறு. செருப்பு ஒன்று சேற்றோடு தங்கிவிட்டது. மண்ணை அள்ளி மடையில் போட்டார். நீர் அதையும் இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு பிடி போட்டார். அதுவும் போனது. உள்ளே வெள்ளைப் படிவத்தின் ஓரம் கண்ணெதிரே மங்கிக் கரைந்தது. இப்போதுகூட, முட்டை வீட்டுக்கு எடுத்தது, நீர் முற்றித்தான் இருக்கிறது என்று ஒரு பேச்சுச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்கு அவர் உப்பு கரைவதைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்க வேண்டியிருக்கும். வேறு வழி தெரியாமல் திரும்பி, மடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கனகச்சிதமாகப் பொருந்தியது. நீர் நின்றுவிட்டது. உப்புநீர் எங்கெங்கே எரிய வேண்டுமோ அங்கெல்லாம் எரிந்தது.

"அத்தான்! என்ன அத்தான் இது?"

"மண்ணு கொண்டாங்கடா!" என்று கத்தினார். "என் நாக்கு வெந்து போச்சு! காலையிலேர்ந்து ஒரு எழவும் தெரியல! முட்டையப் போட்டுத்தான் பாத்தேன்! உன் குழாய் சரிடா, மண்ணக் கொண்டா!"

அவர் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

கூடை கூடையாக மண் வந்தது. பெண்கள் மூக்கைப் பிடித்த கையை எடுக்காமலே மற்றக் கையால் கொட்டினார்கள். "அண்ணே, கொஞ்சம் நகருங்க." "இப்ப நகராதீங்க." "அண்ணனையும் சேத்து வச்சு மெழுகிடலாமா அக்கா? பொருத்தம் நல்லா இருக்கு." மனைவி யோசிப்பது போல் தோன்றியதுதான் அவருக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. கடைசியில் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "வெந்துச்சுன்னா வெந்துச்சுன்னு சொல்லக் கூடாதா? டீ போட்டவ நான்தான. என்னத் திட்டிட்டுப் போக வேண்டியதுதான" என்றாள்.

மடைப்பக்கத்து மூலையில் ஒரு பாய் அளவுக்கு உப்பு போயிருந்தது. மீதி பிழைத்தது. நாக்குக்காரர் மண்வெட்டியைக் கழுவி மச்சினன் கையில் கொடுத்தார். அவன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

சில நாளில், நாக்கு ஆறுவதற்குள், பெரிய பாத்தி நீர் முற்றிவிட்டது. அன்று காலை மச்சினன் மண்வெட்டியோடு மடைமேல் நின்றான். மேற்கில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. குழாயை மிதக்கவிட்டான். எடுத்துத் துடைத்து மறுபடி விட்டான். நெற்றியில் வியர்வை. பெண்கள் பலகையோடு காத்திருந்தார்கள். அக்கா இடுப்பில் கை வைத்திருந்தாள். அத்தனை கண்களும் தன் வாயைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவன் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"அத்தான்" என்றான் மெதுவாக. "இருபத்தஞ்சுக்கு ஒரு மயிரிழை கம்மியா இருக்கு. திறக்கலாமா? வேண்டாமா? நீங்க என்ன சொல்றீங்க?"

நாக்குக்காரர் அம்பார நிழலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தலைக்கடியில் மடித்த சாக்கு. கடலிலிருந்து நல்ல காற்று வந்தது. வானத்தைப் பார்த்தார், கண்ணைத் திறந்துகொண்டேதான். வாழ்க்கையில் முதல் முறையாக, வாய் நிறைய, ஆசை தீரச் சொன்னார்:

"எனக்கு எப்படிடா தெரியும்?"